கம்பெனி பஸ்ஸில் தலை சாய்ந்து தூங்கும் அக்கா தங்கைகளுக்கு

அன்புள்ள அக்காமார்களுக்கும் தங்கைமார்களுக்கும்,

கிருஷ்ணகிரிக்கு முதல் பேருந்தைப் பிடிக்க ஊத்தங்கரை பேருந்து நிலையத்தில் நிற்கும் நாட்களில் உங்களைப் பார்க்கிறேன். டீக்கடையில் அடுப்பு அப்போதுதான் பற்றியிருக்கும். தோளில் சாப்பாட்டுப் பை, கழுத்தில் கம்பெனி அட்டை, ஈரம் காயாத தலைமுடி. சிங்காரப்பேட்டையிலிருந்தும் கல்லாவியிலிருந்தும் சாமல்பட்டியிலிருந்தும் வந்து நிற்கிறீர்கள். சிலர் பர்கூர் சிப்காட்டில் ஷூ தைக்கப் போகிறீர்கள், சிலர் போச்சம்பள்ளிக்கு, இன்னும் சிலர் நூறு கிலோமீட்டர் தாண்டி ஓசூர்ப் பக்கம் செல்போன் பாகம் பூட்ட. வண்டி மத்தூரைத் தொடுவதற்குள் பாதிப் பேர் தூங்கிவிடுகிறீர்கள். தலை ஒரு பக்கமாகத் தொங்கி, ஒவ்வொரு வேகத்தடைக்கும் துள்ளி விழுகிறது. அந்தத் தலையைத் தாங்கும் கழுத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

நான் இந்த வட்டாரத்தில் பதினைந்து ஆண்டுகளாக இயன்முறை மருத்துவராக இருக்கிறேன். உங்களில் பலருக்கு என்னை 'பிசியோ அக்கா' என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வருகிறீர்கள், ஏனென்றால் மற்ற நாட்களில் உங்களுக்கு வெளிச்சமே வாய்ப்பதில்லை. வந்து உட்கார்ந்ததும் எல்லாரும் செய்வது ஒன்றே. வலது கையைத் தூக்கிப் பிடரியில் வைத்து, அங்கிருந்து தோள்பட்டை வரை தடவிக் காட்டுகிறீர்கள். "கல்லு மாதிரி இருக்குது அக்கா", "நரம்பு இழுக்குது", "வாயு பிடிச்சிக்கினு இருக்குது". எல்லை மாவட்டம் என்பதால் உங்கள் லைனில் பக்கத்து நாற்காலிக்காரி தெலுங்கிலோ கன்னடத்திலோ பேசுவாள். அவள் 'மெட நொப்பி' என்பாள், 'குத்திகெ நோவு' என்பாள். கை போய் நிற்கும் இடம் அதே பிடரிதான்.

முதலில் பயத்தைப் பற்றிப் பேசவேண்டும். வலியைவிடப் பயம் உங்களை அதிகம் வதைப்பதை நான் பார்த்திருக்கிறேன். சென்ற ஆண்டு ஒரு தங்கை வந்தாள். முப்பத்திரண்டு வயது. மஞ்சள் பையில் எக்ஸ்ரே படத்தைச் சுருட்டி, குழந்தையைத் தூக்குவதுபோல மார்போடு அணைத்துக் கொண்டுவந்தாள். எங்கோ ஒரு தனியார் மருத்துவமனையில் அவளிடம் "எலும்பு தேய்ந்துவிட்டது" என்ற இரண்டு சொற்களை மட்டும் சொல்லி, கழுத்துப் பட்டை போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அன்றிலிருந்து இரண்டு மாதம் அவள் தன் நாலு வயது மகனைத் தூக்கவில்லை. குனிந்து கோலம் போடவில்லை. பட்டையைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறாள், தெரிந்தால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்ற பயத்தில். "எலும்பு கரைஞ்சி போயிடுமா அக்கா?" என்று கேட்டபோது அவள் கண் நிறைந்துவிட்டது.

கரையாது, தங்கையே. தேய்மானம் என்பது நரை போல. வயது ஏற ஏற முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தை போல உள்ள தட்டு வற்றும், சற்றுப் பிதுங்கும். ஜப்பானில் கழுத்து வலியே இல்லாத 1,211 பேரை ஸ்கேன் எடுத்துப் பார்த்து 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் நூற்றுக்கு எண்பத்தேழு பேருக்கு மேல் தட்டு பிதுங்கியிருந்தது. இருபது வயதுக்காரர்களிலேயே பெரும்பாலோருக்கு அப்படி இருந்தது. யாருக்கும் வலி இல்லை. ஆகவே உங்கள் படத்தில் தெரியும் தேய்மானம்தான் உங்கள் வலிக்குக் காரணம் என்று படத்தை மட்டும் பார்த்து யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. அந்தத் தங்கைக்கு நான் முதலில் செய்த வைத்தியம் பட்டையைக் கழற்றியதுதான். அடிபட்ட கழுத்துக்குச் சில நாள் பட்டை தேவைப்படலாம். அன்றாட வலிக்கு மாதக்கணக்கில் போட்டால் கழுத்துத் தசை வேலையை மறந்து மெலிந்துபோகும்.

அப்படியானால் வலி எங்கிருந்து வருகிறது? வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு சொம்பில் தண்ணீர் நிரப்பி, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு அசையாமல் நில்லுங்கள். சொம்பு கனமே இல்லை. ஆனாலும் மூன்று நிமிடத்தில் தோள் எரியத் தொடங்கும். ஐந்து நிமிடத்தில் கை நடுங்கும். அதே சொம்பைத் தூக்கி இறக்கித் தூக்கி இறக்கி அரை மணி நேரம் வேலை செய்தால் அவ்வளவு தெரியாது. தசை சுருங்கி விரியும்போது ரத்தம் உள்ளே வந்து வெளியே போகிறது. சுருங்கியபடியே நின்றுவிட்டால் ரத்த ஓட்டம் குறைகிறது, கழிவு தேங்குகிறது, தசை முறுக்கிக்கொண்டு வலிக்கிறது. உங்கள் தலையின் எடை நான்கரையிலிருந்து ஐந்து கிலோ, ரேஷன் கடையில் வாங்கும் ஐந்து கிலோ அரிசிப் பையளவு. நிமிர்ந்திருக்கும்போது ஏழு எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்று அந்தப் பாரத்தைச் சுமக்கின்றன. குனிந்துவிட்டால் எலும்பு பாரத்தைப் பிடரித் தசையிடம் ஒப்படைத்துவிடுகிறது. குனிவு கூடக்கூடச் சுமையும் கூடும். அமெரிக்க அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-இல் கணக்குப் போட்டுச் சொன்னது, அறுபது பாகை குனிந்தால் கழுத்தின்மேல் ஏறும் விசை சுமார் 27 கிலோ என்று. அது கணினியில் போட்ட கணக்கு, மனிதர் கழுத்தில் அளந்தது கிடையாது. எண்ணை அப்படியே நம்பிப் பயப்படவேண்டாம். சுமை ஏறுகிறது என்பது மட்டும் உண்மை.

ஒருமுறை குனிவதால் கழுத்து கெடாது. ஒரு நாள் முழுக்கக் குனிந்து களை பறித்தாலும் இரவு தூங்கினால் சரியாகும். எட்டு மணி நேரம் ஒரே கோணத்தில், ஒரே தூரத்தில், ஒரே பீஸைப் பார்த்தபடி, வாரத்துக்கு ஆறு நாள், ஆண்டுக்கணக்கில் என்றால்தான் தசை பழி வாங்குகிறது.

எங்கள் பாட்டி தலையில் சும்மாடு வைத்து, அதன்மேல் குடமும் நெல் மூட்டையும் மாங்காய்க் கூடையும் சுமந்தவர். நடக்கும்போது கழுத்து கொடிக்கம்பம் போல நிற்கும். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பாட்டி இருந்திருப்பார். அதைச் சொல்லி, அந்தக் காலத்தில் யாருக்கும் கழுத்து வலி இல்லை என்று பேசுவோர் உண்டு. அது உண்மை இல்லை. தலைச்சுமை தூக்குவோருக்குக் கழுத்துத் தேய்மானமும் வலியும் வந்ததை ஆப்பிரிக்க நாடுகளில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். எங்கள் பாட்டியும் இரவில் உப்பு வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் வைக்காமல் படுத்ததில்லை. ஆனால் அவரிடம் ஒன்று இருந்தது. குடத்தை இறக்கிவைத்துவிட்டுக் களைக்கொத்தை எடுப்பார், அதை வைத்துவிட்டு மாட்டுக்குத் தீவனம் போடுவார். உடம்பு ஒரு மணிக்கு ஒரு தினுசு. 2004-இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்த காலத்தில்கூட இந்தப் பக்கத்துப் பெண்களின் வேலை பெரும்பாலும் அந்த மாதிரிதான். இன்று நீங்கள் வாங்கும் சம்பளம் பாட்டிக்குக் கனவிலும் கிடைக்காதது. சொந்தப் பெயரில் வங்கிக் கணக்கு, தம்பி படிப்புக்குப் பணம், மாமியாரிடம் நிமிர்ந்து பேசும் தைரியம் எல்லாம் அந்த பஸ்ஸில்தான் வந்தன. அந்த வேலையை விடச் சொல்லும் மடல் இது இல்லை. வேலையை வைத்துக்கொண்டே கழுத்தை மீட்க வேண்டும்.

இத்தாலியில் பெர்னார்தினோ ராமசினி என்றொரு மருத்துவர் இருந்தார். 1700-இல் தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி ஒரு முழு நூல் எழுதினார். சுரங்கக்காரர், குயவர், தையற்காரர் என்று ஒவ்வொரு தொழிலாக ஆராய்ந்தார். நோயாளியைப் பார்க்கும் மருத்துவர் வழக்கமான கேள்விகளோடு இன்னொன்றையும் கேட்கவேண்டும் என்று அவர் வற்புறுத்தினார்: நீ என்ன வேலை செய்கிறாய்? முன்னூறு ஆண்டுகள் கடந்தும் அந்தக் கேள்வி நம் பக்கத்தில் அரிதாகத்தான் கேட்கப்படுகிறது. மருத்துவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். "கம்பெனிக்குப் போறேன்" என்று நிறுத்தாதீர்கள். ஷூவின் மேல்பாகம் தைக்கிறேன், ஒரு நாளைக்கு இத்தனை ஜோடி டார்கெட், மேசை இடுப்புக்குக் கீழே இருக்கிறது, நாற்காலிக்கு முதுகு இல்லை என்று சொல்லுங்கள். பூதக்கண்ணாடியில் திருகாணி பார்க்கிறேன், கண் எடுக்க நேரமில்லை என்று சொல்லுங்கள். உங்கள் எக்ஸ்ரேயைவிட அந்த நாலு வரி எனக்கு அதிகம் சொல்லும்.

ஒருத்தியின் கதையைச் சொல்கிறேன். நாற்பத்து நான்கு வயது அக்கா, தையல் லைனில் பத்து ஆண்டு அனுபவம். ஓராண்டாகக் கழுத்து வலி. மாத்திரை, தைலம், ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. அவர் எப்படித் தைக்கிறார் என்று என் மேசையிலேயே உட்காரவைத்து நடித்துக் காட்டச் சொன்னேன். மூக்கு துணியைத் தொடும் அளவு குனிந்தார். கையில் ஊசியைக் கொடுத்து நூல் கோக்கச் சொன்னேன். முடியவில்லை. அவருக்குத் தேவைப்பட்டது வெள்ளெழுத்துக் கண்ணாடி. நாற்பதைத் தாண்டினால் கிட்டத்துப் பொருள் மங்குவது எல்லாருக்கும் இயல்பு. கண் மங்கினால் தலை முன்னே போகும், தலை போனால் கழுத்து போகும். கண்ணாடி போட்ட ஒரு மாதத்தில் வலி பாதியானது, மீதியைப் பயிற்சி பார்த்துக்கொண்டது. கண்ணாடி போட்டால் வயதாகிவிட்டது என்று கம்பெனியில் நினைப்பார்களோ என்று தயங்கியதாகப் பிறகு சொன்னார். அசாம் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வயது கடந்த தொழிலாளர்கள் 751 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்து, 2018-இல் வெளிவந்தது. வெள்ளெழுத்துக் கண்ணாடி பெற்றவர்கள் பறித்த இலையின் அளவு பெறாதவர்களைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியது. ஆகவே கண்ணாடி போட்டவர் கம்பெனிக்குக் குறைவானவர் என்று யாரும் சொல்ல முடியாது. நாற்பது ஆனவர்கள் எல்லாரும் அடுத்த விடுமுறையில் ஊத்தங்கரை அரசு மருத்துவமனைக்குப் போய்க் கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

இனி அன்றாடம் செய்யக்கூடியவை. பஸ்ஸிலிருந்து தொடங்குவோம். தூங்கவேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது, அந்த இரண்டு மணி நேரத் தூக்கம் உங்கள் உரிமை. துப்பட்டாவையோ பழைய துண்டையோ கெட்டியாக உருட்டி, தலை சாயும் பக்கத்தில் காதுக்கும் தோளுக்கும் நடுவே வைத்துக்கொள்ளுங்கள். கழுத்தைச் சுற்றி மப்ளர் போலக் கட்டினாலும் சரி. முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக் கவிழ்ந்து தூங்குவதுதான் மிக மோசம்.

லைனில் எழுந்து போக முடியாது, தெரியும். உட்கார்ந்த இடத்திலேயே, கை வேலை செய்தபடியே, கழுத்துக்கு ஓய்வு தரலாம். ஒரு ட்ரே முடிந்து அடுத்த ட்ரே வரும் இடைவெளியில் தலையை நிமிர்த்தித் தூரத்துச் சுவரைப் பாருங்கள். காதோடு ஒட்டிக்கிடக்கும் தோள்களைக் கீழே தொங்கவிடுங்கள். டார்கெட் பயத்தில் தோள் மேலே ஏறிக்கொள்வது உங்களுக்கே தெரியாது. பிறகு முகவாயை நேராகப் பின்னுக்கு இழுங்கள், மேலே தூக்காமல், கீழே கவிழாமல், பின்னால் ஒரு சுவர் இருந்து அதில் பிடரியை ஒட்டுவதுபோல. ஐந்து எண்ணி விடுங்கள். ஒரு ஷிப்டில் பத்துப் பதினைந்து முறை செய்தால் போதும். டீ நேரத்தில் போனை எடுப்பதற்கு முன்னால் இரண்டு கையையும் பின்னால் கோத்து மார்பை விரித்து, தோள்பட்டை எலும்புகள் இரண்டும் ஒன்றையொன்று தொட முயல்வதுபோல இழுங்கள். பாத்ரூம் போகும் வழியில் தலையை மெதுவாக வலத்தோளைப் பார்க்கவும் இடத்தோளைப் பார்க்கவும் திருப்புங்கள். தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டு பாத்ரூம் போகாமல் இருக்கப் பழகியவர்கள் உங்களில் பலர். தண்ணீர் குடியுங்கள். எழுந்து நடக்க உங்களுக்குக் கிடைக்கும் காரணம் அது ஒன்றுதான்.

வீட்டில் இரண்டே நிமிடம் தாருங்கள். இதை நான் கணக்கில்லாமல் சொல்லவில்லை. டென்மார்க்கில் கழுத்தும் தோளும் வலித்துக்கொண்டிருந்த 198 அலுவலக ஊழியர்களை வைத்துப் பத்து வாரம் ஒரு பயிற்சியைச் சோதித்து 2011-இல் முடிவு எழுதினார்கள். அவர்களில் 174 பேர் பெண்கள். ரப்பர் பட்டையைக் காலால் மிதித்து, கைகளைப் பக்கவாட்டில் தோள் உயரம் வரை தூக்கி இறக்கும் பயிற்சி. நாளொன்றுக்குப் பன்னிரண்டு நிமிடம் செய்தவர்களுக்கும் வலி குறைந்தது, இரண்டு நிமிடம் மட்டும் செய்தவர்களுக்கும் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. ரப்பர் பட்டை இல்லாவிட்டால் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு போதும். சோறு வேகும் நேரத்தில் செய்துவிடலாம். முதல் வாரம் தோள் கொஞ்சம் வலிக்கும், அது வேலை செய்யாத தசை விழிக்கிற வலி. மூன்றாம் வாரம் பிடரி இளகுவதை நீங்களே தொட்டு அறிவீர்கள்.

கழுத்து பிடித்துக்கொண்டால் தலகாணியை வெயிலில் போடச் சொல்வார்கள் நம் வீடுகளில். வெயிலில் காய்ந்த பஞ்சு உப்பி, இளஞ்சூட்டோடு கழுத்துக்கு அணைவாக இருக்கும். பிடித்துக்கொண்ட தசையைச் சூடு இளக்கும் என்பது மருத்துவமும் ஒத்துக்கொள்வது. உப்பு ஒத்தடமோ வெந்நீர்த் துண்டோ கால் மணி நேரம் வையுங்கள், தோல் சுடாதபடி. தலகாணி ஒன்று போதும். பக்கவாட்டில் படுத்தால் காதுக்கும் தோளுக்கும் உள்ள இடைவெளியை அது நிரப்பவேண்டும், அவ்வளவுதான் உயரம். இரண்டு தலகாணியை அடுக்கி, மல்லாந்து, போனை வயிற்றில் வைத்துப் பார்ப்பது எட்டு மணி நேர வேலையின் நீட்சி. ரீல்ஸ் பார்க்காதீர்கள் என்று சொல்லமாட்டேன். போனை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள். கை வலித்தால் போதும் என்று தெரிந்துவிடும்.

பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு ஒரு சொல். குழந்தையின் முகத்தைப் பார்த்தபடியே குனிந்து கொடுக்கிறீர்கள். மடியில் தலகாணி வைத்துக் குழந்தையை மார்புக்கு உயர்த்துங்கள், மார்பைக் குழந்தைக்குத் தாழ்த்தாதீர்கள்.

செய்யக்கூடாதவற்றில் இரண்டை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஒன்று, கழுத்தைப் பிடித்துத் திடீரென்று திருகிச் சொடக்கு எடுப்பது. உங்கள் வீட்டு ஆண்கள் சலூனில் எடுத்துக்கொள்கிறார்கள், நீங்கள் சுளுக்கு எடுப்பவரிடம் போகிறீர்கள். எண்ணெய் தொட்டு மெல்ல நீவிவிடுபவர் இருந்தால் எனக்கு மறுப்பில்லை. நீவுவது இதமாகத்தான் இருக்கும். வேகமாகத் திருகுவது வேறு. கழுத்தெலும்பின் துளைகள் வழியாக மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஓடுகிறது. திருகலில் அது கிழிந்து பக்கவாதம் வந்த மனிதர்கள் இருக்கிறார்கள். அரிதுதான். ஒரு சொடக்குச் சத்தத்துக்காக அந்த அரிதை விலைக்கு வாங்கவேண்டாம்.

இரண்டு, மெடிக்கலில் கேட்டு வாங்கும் 'செட்' மாத்திரை. நாலைந்து நிறத்தில் பொட்டலம் கட்டித் தருவார்கள். அதில் பெரும்பாலும் டைக்ளோபினாக் மாதிரி வலி மாத்திரை இருக்கும், சில நேரம் ஸ்டீராய்டும் இருக்கும். ஒரு வேளையில் வலி போய்விடும், அதனால்தான் ஆபத்து. காலைச் சாப்பாடு இல்லாமல் நாலு மணிக்கே பஸ் ஏறும் வயிற்றில் அது விழுந்தால் புண்ணாகும். மாதக்கணக்கில் போட்டால் சிறுநீரகம் கெடும். தசையை இளக்கும் மாத்திரை சேர்ந்திருந்தால் தூக்கம் வரும், உங்கள் விரலோ ஓடும் ஊசிக்குப் பக்கத்தில். மருத்துவர் எழுதிக் கொடுத்தால் சொன்ன நாளுக்குப் போடுங்கள். கடைக்காரர் கட்டிக் கொடுத்ததைப் போடாதீர்கள்.

பெரும்பாலான கழுத்துப் பிடிப்பு சில வாரங்களில் தணிந்துவிடும். திரும்ப வரும் குணமும் அதற்கு உண்டு, வந்தால் கலங்கவேண்டாம். ஆனால் சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கவே கூடாது. வலி தோளிலிருந்து விரல் நுனி வரை மின்சாரம் போல ஓடி, கை மரத்து, பிடித்த பொருள் நழுவினால் மருத்துவரிடம் போகவேண்டும். இரண்டு கையும் தடுமாறி ஜாக்கெட் கொக்கி மாட்டவே சிரமப்பட்டாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ அன்றைக்கே போகவேண்டும். அது முதுகுத் தண்டு நெருக்கப்படும் அறிகுறி. காய்ச்சலும் தலைவலியும் சேர்ந்து கழுத்து விறைத்தாலும், வண்டியில் விழுந்த பிறகு கழுத்து வலித்தாலும், காரணமில்லாமல் உடம்பு இளைத்து இரவெல்லாம் வலித்தாலும் அப்படியே. நெஞ்சு அழுத்தத்தோடும் வியர்வையோடும் தாடையிலும் கழுத்திலும் இடக்கையிலும் வலி பரவினால் அது இதயமாக இருக்கலாம். 108-ஐ அழையுங்கள். பெண்களுக்கு மாரடைப்பு வராது என்று நம்பி வாயுப் பிடிப்பு என இஞ்சிச் சாறு குடித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவை நான் அறிவேன். அவர் இப்போது இல்லை.

இதுவரை உங்கள் உடம்பை நீங்கள் திருத்திக்கொள்வது பற்றிச் சொன்னேன். அதோடு நிறுத்தினால் பாதிப் பொய் ஆகிவிடும். குனிவைத் தீர்மானிப்பது நீங்கள் மட்டும் இல்லை, மேசையும் நாற்காலியும் டார்கெட்டும்தான். நெதர்லாந்தில் தையல் எந்திரங்களை வைத்து ஆராய்ந்தவர்கள், மேசையைத் தைப்பவர் பக்கம் சுமார் பத்துப் பாகை சாய்த்து, முழங்கை உயரத்துக்கு ஐந்து முதல் பதினைந்து சென்டிமீட்டர் மேலே வைத்தால் தலைக் குனிவு குறைகிறது என்று கண்டார்கள். ஒரு மரக்கட்டை, நான்கு திருகாணி. அதற்குப் பெரிய முதலீடு தேவையில்லை. நின்று வேலை செய்பவர்களுக்கு இடையில் உட்கார இருக்கை வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆம் பிரிவு சொன்னது, 2020-இல் இயற்றிய பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அது இருக்கிறது. ஊத்தங்கரைக் கடைவீதியில் ஜவுளிக்கடையில் நிற்கும் தங்கைகளுக்கும் இருக்கை உண்டு என்று 2021-இல் தமிழ்நாடு அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தியது. 2023 ஏப்ரலில் வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணி வரை நீட்ட வழிசெய்யும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு எழுந்து, மே 1 அன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அந்தச் செய்தி ஓடிய நாட்களில் எனக்கு உங்கள் பிடரிதான் நினைவில் இருந்தது. ஓசூர் போய்வரும் உங்களுக்கு வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போட்டால் இப்போதே பன்னிரண்டு மணி தாண்டுகிறதே.

தனியாகப் போய்க் கேட்டால் 'இவளுக்கு உடம்பு முடியவில்லை' என்று பெயர் விழும், உங்கள் தயக்கம் நியாயமானது. ஒரு லைனில் பத்துப் பேர் சேர்ந்து, நலவாழ்வு அலுவலரிடம், நாற்காலியின் உயரத்தை மாற்றித் தாருங்கள் என்று மட்டும் கேளுங்கள். வலியைப் பற்றிப் பேசாமல் உயரத்தைப் பற்றிப் பேசுங்கள், பதில் சொல்வது அவர்களுக்கும் எளிது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் உள்ளவர்களிடம் நூறு ரூபாய்க்கு 75 காசு தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.க்குப் பிடிக்கிறார்கள், கம்பெனி மூன்றே கால் ரூபாய் போடுகிறது. அது உங்கள் பணம். ஓசூரில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. மருத்துவர் ஓய்வு எழுதினால், தகுதியுள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 விழுக்காடு கிடைக்கும். மெடிக்கலில் செட் மாத்திரைக்குப் பணம் கொடுத்துக்கொண்டு இ.எஸ்.ஐ. அட்டையைப் பீரோவில் வைத்திருக்கிறீர்களே என்பதுதான் என் ஆற்றாமை. 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அதில் வீட்டுக்கே வரும் இயன்முறைச் சிகிச்சையும் உண்டு, படுத்த படுக்கையாக இருக்கும் உங்கள் மாமனார் மாமியாருக்கு அதைக் கேட்டு வாங்குங்கள். 2024-இல் தொழிலாளரைத் தேடி மருத்துவமும் வந்தது. உங்கள் கம்பெனிக்கு வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கும்போது, வரிசையில் நிற்கும் நேரத்தில் கழுத்தையும் சொல்லுங்கள்.

மேற்பார்வையாளர் தம்பிகள் யாராவது இதைப் படித்தால், நாளைக்கு ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் லைனில் ஒரு நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அந்த வேலையைச் செய்து பாருங்கள்.

மஞ்சள் பையோடு வந்த தங்கை இப்போது மகனைத் தூக்குகிறாள். வலி முற்றும் போகவில்லை, டார்கெட் கூடும் மாதங்களில் எட்டிப் பார்க்கிறது. பயம் போய்விட்டது. அவள் லைனில் எட்டு நாற்காலிகளுக்கு அடியில் கட்டை வைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். எக்ஸ்ரே இருந்தால் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் எடுக்கவேண்டாம். போனை லைனுக்குள் விடமாட்டார்கள் என்பதால் உங்கள் இருக்கையைப் படம் எடுக்க முடியாது. உங்கள் மேசை தரையிலிருந்து எத்தனை சாண், நாற்காலி எத்தனை சாண் என்று கையால் அளந்துகொண்டு வந்து சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பிசியோ அக்கா
ஊத்தங்கரை